நவாஹோ வெள்ளிக் காப்பு: முதல்ல வெள்ளியைப் பாருங்க, கல்லு அப்புறம்

கேட்டிருக்கிறது இதுதான்: அமெரிக்காவுல நியூ மெக்ஸிகோ மாநிலத்து சாண்டா ஃபேல ஒரு கடையில டர்க்காய்ஸ்ங்கிற நீலக் கல் வெச்ச வெள்ளிக் காப்பு 70 டாலர், எதிர்ல இன்னொரு கடையில கிட்டத்தட்ட அதே மாதிரி காப்பு 1,200 டாலர், ரெண்டு கடைக்காரரும் "நவாஹோ, கையால செஞ்சது"ன்னு சத்தியம் பண்றாங்க (நவாஹோங்கிறது அந்தப் பக்கத்துப் பழங்குடி மக்கள்), யாரை நம்புறது, மெதுவா வாங்கிச் சேர்க்கணும்னா எங்க ஆரம்பிக்கிறது. நான் இந்தப் பக்கம்தான் இருக்கேன், ரொம்ப வருஷமா இந்த நகைகளோடயும் இதைச் செய்யுற ஆளுங்களோடயும் பழக்கம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல விலை. நம்ம ஊர் நகைக்கடைக் கணக்கு மண்டையில இருக்கிற வரைக்கும் இது புரியாது. அங்க கிராம் ரேட், அதுக்கு மேல செய்கூலி, சேதாரம், முடிஞ்சுது. இங்க தலைகீழ். கனமான ஒரு ஆம்பளைக் காப்புல 70, 80 கிராம் வெள்ளி இருக்கும், அதாவது ரெண்டரை ட்ராய் அவுன்ஸ் வாக்குல, அன்னிக்கு வெள்ளி ரேட் என்னவோ அதால பெருக்கிப் பாருங்க, நல்ல பட்டறைக்காரர் சொல்ற விலையில அது ஒரு சின்னத் துண்டுதான். மிச்சமெல்லாம் செய்கூலி. அதுவும் "ஒரு நாள் உட்கார்ந்தான், இவ்ளோ கூலி"ங்கிற மாதிரி இல்ல, அந்த ஆள் எத்தனை வருஷமா டிசைன் அடிக்கிற எஃகு அச்சு செஞ்சு சேர்த்து வெச்சிருக்கார், அடிச்சா ஒரே அடியில விழுதா, அதுக்குத்தான் காசு. அதனாலதான் கடைக்குள்ள போனதும் கல்லைப் பார்க்காதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். நீலக் கல்லு கண்ணை இழுக்கும், அது அதோட வேலை. ஆனா நவாஹோ வேலைங்கிறது அடிப்படையில வெள்ளி வேலை, கல்லு பின்னாடி வந்து சேர்ந்தது.

எப்படிச் செய்யுறாங்கன்னு தெரிஞ்சாத்தான் பார்க்கத் தெரியும், அதனால அதைச் சொல்லிடுறேன்.

பழைய முறையில வெள்ளியை மூசைங்கிற மண் கிண்ணத்துல உருக்கி, அச்சுக்கல்லுல ஊத்தி ஒரு பாளம் எடுப்பாங்க, அதை சூடு காட்டி சூடு காட்டி சுத்தியால அடிச்சு தகடாக்கணும். வெள்ளி அடிக்க அடிக்க இறுகும், இறுகினதுக்கு மேல அடிச்சா விரிசல் விடும், அதனால அப்பப்ப நெருப்புல காட்டி இளக்கிட்டு மறுபடி அடிக்கணும். இப்ப பெரும்பாலானவங்க கடையில ரெடியா வர்ற வெள்ளித் தகடும் கம்பியும் வாங்கித்தான் வேலை செய்யுறாங்க, 1930கள்லயே தகடு வர ஆரம்பிச்சாச்சு, அதுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா இன்னமும் பாளத்துல இருந்தே அடிச்சு எடுக்கிற ஆளுங்க உண்டு. பெர்ரி ஷார்ட்டின்னு ஒருத்தர், பழைய காசை உருக்கி அந்தக் காலத்து மாதிரியே செய்யுறதுக்குப் பேர் போனவர். அந்த மாதிரி பீஸைக் கையில வாங்கினதுமே தெரியும், ஓரம் எல்லா இடத்துலயும் ஒரே தடிமனா இருக்காது, ஒரு பக்கம் லேசா தடிச்சு இன்னொரு பக்கம் மெலிஞ்சு, உயிரோட இருக்கிற மாதிரி இருக்கும்.

அடுத்தது அச்சு. நவாஹோ வேலையோட உயிரே இங்கதான் இருக்கு. ஒரு பழைய அரம், இல்ல உளி, இல்ல ஏதோ ஒரு கார் பாகத்துல இருந்து எடுத்த நல்ல எஃகுத் துண்டு, அதை நெருப்புல போட்டு மெதுவா ஆற விட்டு இளக்கி, நுனியில பிறை, முக்கோணம், சூரியக் கதிர்னு அரத்தாலயும் உளியாலயும் வெட்டி, மறுபடி செக்கச்செவேல்னு காய்ச்சி தண்ணியிலயோ எண்ணெயிலயோ முக்கி இறுக்கி, கடைசியா நுனி வைக்கோல் நிறம் வர்ற வரைக்கும் லேசா சூடு காட்டி எடுத்தா ஒரு அச்சு ரெடி. இப்படி ஒவ்வொரு பட்டறையிலயும் டப்பா டப்பாவா கிடக்கும், அப்பாவோடது, தாத்தாவோடதுன்னு கைமாறி வந்ததும் அதுல இருக்கும். அந்த அச்சைத் தகட்டு மேல நிறுத்தி சுத்தியால ஒரே அடி. ரெண்டாவது அடி அடிச்சா நிழல் மாதிரி ரெட்டைக் கோடு விழுந்துடும், பலமா அடிச்சா தகடு கிழியும், மெதுவா அடிச்சா பதியாது. ஒரு அகலக் காப்புல இந்த மாதிரி நூத்துக்கணக்குல அடி இருக்கும். கோடு போட்டுக்கிட்டு அளந்து அடிக்கிறவங்களும் உண்டு, ஆனா கைதேர்ந்தவங்க பெரும்பாலும் கண்ணளவுதான், நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போய் முடியிற இடத்துல கணக்கு சரியா வந்து நிக்கும், எனக்கு இன்னமும் அது மாயமாத்தான் தெரியுது.

கைவேலையை கண்டுபிடிக்க வழியும் இதுலயே இருக்கு. அச்சு அச்சா நகர்ந்து பாருங்க. கையால அடிச்சதுல ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் நடுவுல இடைவெளி மயிரிழை மாறும், ஆழம் மாறும், ஒண்ணு லேசா சாய்ஞ்சிருக்கும். பிரஸ்ல அடிச்சதுல எல்லாம் ஒண்ணு போல இருக்கும், பள்ளத்தோட ஓரம் மழுங்கி வழவழன்னு இருக்கும். அப்புறம் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. இது ரொம்ப முக்கியம், கடைக்குப் போனா முதல்ல திருப்புங்க. கையால அச்சு அடிச்ச தகட்டோட பின்னாடி அந்த அடியோட தடம் மங்கலா தெரியும், அரம் போட்ட கீறல் இருக்கும், பொடி, அதாவது துண்டுகளை ஒட்டுற உலோகக் கலவை, வெச்சு ஊதின இடம் தெரியும். ஒரு நல்ல பீஸை ரப்பர் மோல்டு எடுத்து மெழுகுல நகல் போட்டு வார்த்து எடுத்திருந்தா, முன்னாடி எல்லா டிசைனும் இருக்கும், ஆனா கூர் இருக்காது, சோப்பு தேய்ஞ்ச மாதிரி இருக்கும், லென்ஸ்ல பார்த்தா குட்டிக் குட்டி ஓட்டை தெரியும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டுற லென்ஸ் ஒண்ணு வாங்கி பாக்கெட்ல வெச்சுக்கோங்க, அது கொடுக்கிற தைரியம் எந்தப் புஸ்தகமும் கொடுக்காது.

வார்ப்பு எல்லாமே போலின்னு நினைச்சுடாதீங்க, அது வேற. நவாஹோக்களோட சொந்த வார்ப்பு முறை ஒண்ணு இருக்கு, டூஃபான்னு ஒரு மிருதுவான எரிமலைக் கல்லை ரெண்டா அறுத்து, ஒண்ணுல டிசைனைத் தலைகீழா குடைஞ்சு, புகைக் கரி பிடிக்க வெச்சு, ரெண்டையும் சேர்த்துக் கட்டி உருக்கின வெள்ளியை ஊத்துவாங்க. காத்து வெளிய போக மெல்லிசா தடம் வெட்டணும், இல்லன்னா வெள்ளி பாதியிலயே நின்னுடும். அந்தக் கல்லு ஒண்ணு ரெண்டு தடவை ஊத்தினதுமே உடைஞ்சிரும், அதனால ஒவ்வொரு பீஸும் கிட்டத்தட்ட ஒத்தைதான். தட்டையா வர்ற அதை அரம் போட்டு, வளைச்சு காப்பாக்குவாங்க. கல்லோட சொரசொரப்பை அப்படியே வெள்ளியில விட்டுடுறதும் உண்டு, எனக்குத் தனிப்பட்ட முறையில அச்சு வேலையை விட இதுதான் ஒரு படி மேல பிடிக்கும்.

இதெல்லாம் ஆதிகாலத்துல இருந்து வர்ற கலைன்னு கடையில சொல்வாங்க. அது உண்மையில்ல, உண்மைக் கதை அதை விட சுவாரஸ்யம். நவாஹோக்கள், அவங்க பாஷையில டினே, வெள்ளி வேலையை 19ஆம் நூற்றாண்டு நடுவுலதான் மெக்ஸிகோக்காரங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டாங்க. அட்சிடி சானிங்கிறவரைத்தான் முதல் ஆளா சொல்றது வழக்கம், அவர் முதல்ல கத்துக்கிட்டது இரும்பு வேலை, குதிரைக் கடிவாளத்துக்காக. அப்புறம் 1863, 64ல அமெரிக்க ராணுவம் கிட் கார்சன் தலைமையில வந்து பயிரையும் ஆடு மாடுகளையும் அழிச்சு, 8,000 பேருக்கும் மேல நூத்துக்கணக்கான மைல் நடக்க வெச்சு, ஃபோர்ட் சம்னர் பக்கத்துல போஸ்க் ரெடோண்டோங்கிற இடத்துல அடைச்சு வெச்சாங்க. எத்தனையோ பேர் அங்கயே செத்தாங்க. 1868 ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் சொந்த மண்ணுக்குத் திரும்ப முடிஞ்சுது. வெள்ளி வேலை பரவினது இந்தத் திரும்பலுக்கு அப்புறம்தான். எல்லாம் போன மக்கள், கொஞ்சம் ஆடு, கம்பளம், கையில கிடைச்ச காசுன்னு ஆரம்பிச்சு, அந்தக் காசையே உருக்கி உடம்புல போட்டுக்கிட்டாங்க. பேங்க் இல்லாத ஊர்ல அதுதான் பேங்க்.

அந்தக் காலத்து அமெரிக்க வெள்ளி டாலர் 26.73 கிராம், அதுல 90 சதம் வெள்ளி. காசை உருக்கக் கூடாதுன்னு 1890 வாக்குல நெருக்கடி வந்ததும் மெக்ஸிகன் பேசோவுக்கு மாறினாங்க. கருவிகள் என்ன இருந்துச்சுன்னு 1880கள்லயே வாஷிங்டன் மேத்யூஸ்ங்கிற ராணுவ டாக்டர் நேர்ல பார்த்து எழுதி வெச்சிருக்கார்: ஆட்டுத்தோல் துருத்தி, களிமண் மூசை, மணற்கல் அச்சு, பட்டடைக்குப் பதிலா ஏதோ ஒரு பழைய இரும்புத் துண்டு, பொடி ஊத ஒரு ஊதுகுழல். இவ்வளவுதான்.

டிசைன்களும் அங்கங்க இருந்து வந்து சேர்ந்ததுதான். கழுத்து ஆரத்துல தொங்குற பிறை வடிவ நாஜா, ஸ்பானிஷ்காரங்க குதிரை நெத்தியில கட்டின அணி, அதுக்கும் முன்னாடி ஸ்பெயினை ஆண்ட வட ஆப்பிரிக்க முஸ்லிம்களான மூர்களோடது. ஸ்குவாஷ் ப்ளாசம்னு பேர் போன அந்த ஆரத்துல வர்ற பூ, பூசணிப்பூவே இல்ல, மெக்ஸிகோக்காரங்க கால்சட்டையில வெச்ச மாதுளம் வடிவ வெள்ளி பட்டன்ல இருந்து வந்ததுங்கிறாங்க. அச்சு டிசைன்ல பல, மெக்ஸிகன் தோல் வேலைக்காரங்க சேணத்துல அடிக்கிற அச்சு. வாங்கினது வெளியில இருந்துதான், ஆனா ஒரு தலைமுறைக்குள்ள அதைப் பார்த்தா வேற யாரோடதுன்னும் சொல்ல முடியாத அளவுக்கு மாத்திட்டாங்க.

இதுல ஒரு விஷயம் சேகரிக்கிறவங்களுக்கு நேரடியா உதவும். கான்சோ பெல்ட்டுன்னு பெரிய பெரிய வெள்ளி வட்டுகள் கோர்த்த இடுப்பு வார் பார்த்திருப்பீங்க. ரொம்பப் பழசுல வட்டு நடுவுல சாய்சதுரமா ஒரு ஓட்டை, குறுக்க ஒரு பட்டை, தோல் வாரை அது வழியாத்தான் கோர்ப்பாங்க. ஏன்னா அப்ப பொடி வெச்சு ஒட்டுறது இன்னும் சரியா கைவரலை. கைவந்ததும், 1880 வாக்குல, பின்னாடி செம்பு வளையம் ஒட்டி அதுல வாரைக் கோர்த்தாங்க, நடு ஓட்டைக்கு அவசியமில்லாம போச்சு, அந்த இடம் மூடிக்கிச்சு. அதுக்கும் அப்புறம் நடுவுல கல்லு வந்துச்சு, வட்டுக்கு வட்டு நடுவுல பட்டாம்பூச்சி வடிவத் துண்டு வந்துச்சு. இதே ஓட்டை டிசைனை இன்னிக்கும் செய்யுறாங்க, அதனால ஓட்டை இருந்தா பழசுன்னு முடிவு கட்டிடாதீங்க. கல்லு பதிக்கிறதையும் அட்சிடி சோன்ங்கிறவர் 1870கள் கடைசியில ஆரம்பிச்சதாத்தான் சொல்றாங்க. டர்க்காய்ஸ் மட்டும் அவங்களுக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே புனிதம், நாலு திசைக்கு நாலு மலை, தெற்கு மலையோட பொருள் டர்க்காய்ஸ், ஆனா அதை வெள்ளியோட சேர்த்தது பின்னாடிதான்.

போலி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா உங்க 70 டாலர் காப்போட பதில் இங்க இருக்கு.

1899ல சாண்டா ஃபே ரயில்வேக்கு ஹோட்டல் நடத்தின ஃப்ரெட் ஹார்வி கம்பெனி, டூரிஸ்ட்டுக்கு விக்கிறதுக்காக மெல்லிசா, லேசா நகை செய்யச் சொல்லி ஆர்டர் கொடுக்க ஆரம்பிச்சுது. அம்பு, இடிப்பறவை, நாய், ஸ்வஸ்திகா எல்லாம் அப்ப பெருகினதுதான். நம்ம ஆளுங்க பழைய காப்புல ஸ்வஸ்திகா பார்த்துட்டு உடனே நம்ம ஊரோட முடிச்சுப் போடுவாங்க, அது நவாஹோக்களோட சுழலும் கட்டைங்கிற சொந்தச் சடங்குச் சின்னம், ஹிட்லர் கூத்துக்கு அப்புறம் 1940ல நவாஹோ உட்பட நாலு பழங்குடிகள் இனி அதைப் போடமாட்டோம்னு அறிக்கை கையெழுத்துப் போட்டாங்க. அதனால அந்தச் சின்னம் இருக்கிறது பழசுக்கு ஒரு அடையாளம், ஆனா அந்த அடையாளத்துக்கு விலை இருக்குன்னு தெரிஞ்சு இப்ப புதுசுலயும் அடிச்சு விக்கிறாங்க.

டூரிஸ்ட் சந்தை வந்ததும் மெஷின் வந்துச்சு. 1930கள்ல ஆல்புகெர்க்கில ஒரு பெரிய கம்பெனி பழங்குடி ஆட்களையே வேலைக்கு வெச்சு, ரோலர், பிரஸ்ல அடிச்சு எடுத்ததை "இந்தியர் செஞ்சது"ன்னு (இங்க இந்தியர்னா அமெரிக்கப் பழங்குடி) விளம்பரம் பண்ணி, ஃபெடரல் ட்ரேட் கமிஷன் தலையிட்டு வழக்கு கோர்ட் வரைக்கும் போச்சு. இந்தக் கேஸை நான் அடிக்கடி சொல்றதுக்குக் காரணம், போலின்னா வெளிநாட்டுச் சரக்கு மட்டும்தான்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நவாஹோ செஞ்சதா, கையால செஞ்சதா, வெள்ளிதானா, கல்லு நிஜமான்னு நாலும் நாலு தனித்தனிக் கேள்வி. கடைக்காரர் ஒண்ணுக்கு உண்மையான பதில் சொல்லி மத்த மூணையும் உங்களையே ஊகிக்க விட்டுடுவார். "ஸ்டெர்லிங்"னோ 925னோ முத்திரை இருந்தா 92.5 சதம் வெள்ளின்னு மட்டும்தான் அர்த்தம், செஞ்சது மணிலால ஒரு ஃபேக்டரியாவும் இருக்கலாம். "ஜெர்மன் சில்வர்"னா அதுல வெள்ளியே கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம்.

சட்டம் இருக்கு. 1935ல இந்தியன் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் போர்டு அமைச்சாங்க, 1990ல வந்த சட்டப்படி பழங்குடி ஆள் செய்யாததை அவங்க செஞ்சதா சொல்லி வித்தா முதல் தடவைக்கே 2,50,000 டாலர் வரை அபராதம், 5 வருஷம் வரை ஜெயில். காகிதத்துல பயங்கரமா இருக்கு. ஆனா நடைமுறையில? பிலிப்பைன்ஸ்ல செஞ்சு கொண்டுவந்த நகையை பழங்குடி வேலைன்னு வித்த ஆல்புகெர்க்கி கடைக்காரர் ஒருத்தருக்கு 2018ல கிடைச்சது 6 மாசம். அதுவே பெரிய செய்தியாச்சு. இதுக்கு நடுவுல அடி வாங்குறது யாருன்னா, நாலு நாள் உட்கார்ந்து ஒரு காப்பு செஞ்சு எடுத்துட்டு வர்ற நவாஹோ ஆள், அவர்கிட்ட "அங்க 70 டாலருக்குக் கிடைக்குதே"ன்னு நம்மளை மாதிரி ஆளுங்க பேரம் பேசுவோம்.

ஆக, நல்ல எடையோட, நிறைய அச்சு வேலையும் நிஜக் கல்லும் இருக்கிற காப்பு 70 டாலர்னா சந்தேகப்படுங்க. மெல்லிசா, கல்லில்லாம, நாலு அச்சு அடிச்ச சின்னக் காப்பு அந்த விலைக்கு நவாஹோ ஆள்கிட்டயே கிடைக்கும், அது நிஜமும்தான். 1,200க்கும் அதே கதை, விலை கூடுதலா இருக்கிறதனாலயே நிஜமாயிடாது.

இப்ப கல்லு. வாங்குறவங்க முக்காவாசிப் பேர் விழுறது இங்கதான். டர்க்காய்ஸ்ங்கிறது துளை துளையான மிருதுவான கல்லு, தோண்டி எடுக்கிறதுல ரொம்பக் கொஞ்சம்தான் அப்படியே வெட்டிப் பட்டை போடுற அளவுக்கு இறுக்கமா இருக்கும். மிச்சத்துக்கு பிசின் ஏத்தி இறுக்குவாங்க, அதுக்கு ஸ்டெபிலைஸ்டுன்னு பேர், அது மோசடி இல்ல, சொல்லி வித்தா சரிதான், தினசரி போட்டுக்கிறதுக்கு அதுதான் நல்லதும்கூட. சாயம் ஏத்தினது அடுத்த படி கீழ. தூளைப் பிசினோட குழைச்சு கட்டி பண்ணினது அதுக்கும் கீழ. ப்ளாக் (block)னு விக்கிறது பல சமயம் வெறும் பிளாஸ்டிக். ஹவ்லைட், மேக்னசைட்னு வெள்ளைக் கல்லுக்கு நீலச் சாயம் போட்டும் வரும். "இது நேச்சுரலா, ஸ்டெபிலைஸ்டா, எந்தச் சுரங்கம்"னு நேரடியாக் கேளுங்க. தெரியலைன்னு சொல்றவரை நான் நம்புவேன், கேட்டவுடனே மிக அரிதான சுரங்கத்துப் பேரை எடுத்து விடுறவர்கிட்டதான் எச்சரிக்கை. நெவாடாவுல லேண்டர் ப்ளூன்னு ஒரு சுரங்கம், 1970கள்ல கிடைச்சுது, மொத்தமே 100 பவுண்டு சொச்சம்தான் எடுத்தாங்க, ஆனா தோண்டினதை விட வித்தது அதிகம்னு இங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. அரிசோனால பிஸ்பீ செம்புச் சுரங்கத்துக் கல்லும் அப்படித்தான், சுரங்கம் மூடி ரொம்ப காலம், பேரு மட்டும் ஓடுது. வானத்து நீலத்துல கோடே இல்லாம வர்ற ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்துக் கல்லு 2012ல நின்னுபோச்சு, அதுக்கப்புறம் விலை எங்கயோ போயிடுச்சு. சுரங்கப் பேரை மட்டும் வெச்சு கல்லுக்கு ரெட்டை விலை கொடுக்கிறது ஆரம்பத்துல வேண்டவே வேண்டாம், அந்தப் பேரை கடையில வெச்சு நிரூபிக்க வழி கிடையாது, பழகின கண்ணு மட்டும்தான்.

கல்லே முக்கியமா தெரியுற நகை பிடிச்சா நீங்க தேடுறது ஜூனி வேலையா இருக்கலாம். ஜூனிங்கிறது பக்கத்துல இருக்கிற வேற மக்கள், ஊசி மாதிரி மெல்லிசா வெட்டின கல்லை வரிசையா அடுக்குறது, பல நிறக் கல்லு இழைக்கிறது எல்லாம் அவங்க கைவரிசை. ரெண்டு தகடு, மேல் தகட்டுல டிசைனை அறுத்து எடுத்து கீழ்த் தகட்டைக் கறுக்க வெச்சு ஒட்டுறது ஹோப்பிங்கிற இன்னொரு பழங்குடி மக்களோட முறை. இதெல்லாம் பொதுவான அடையாளம்தான், ஒருத்தர் முறையை இன்னொருத்தர் செய்யுறதும் உண்டு.

"ஓல்டு பான்"ங்கிற வார்த்தையை, அதாவது பழைய அடகு, வெச்சு நிறைய வியாபாரம் நடக்குது. ட்ரேடிங் போஸ்ட்ங்கிற பண்டமாத்துக் கடையில நகையை அடகு வெச்சு மாவு, காபி, துணி வாங்கிட்டு, கம்பளி வித்த காசு வந்ததும் மீட்கிறது அந்தக் காலப் பழக்கம். சடங்கு வந்தா கொஞ்ச நாளுக்கு வாங்கிப் போட்டுட்டு திருப்பிக் கொடுக்கிறதும் நடந்திருக்கு. மூழ்கிப் போன அடகுதான் விற்பனைக்கு வரும். 1970கள்ல கட்டுப்பாடு இறுகினதும் பழங்குடிகளுக்குன்னு ஒதுக்கின நிலமான ரிசர்வேஷனுக்குள்ள அடகு முடிஞ்சு, தொழில் கேலப் மாதிரி எல்லை ஊர்களுக்கு நகர்ந்துச்சு, அங்க இன்னமும் நடக்குது. அதனால அடகுல வந்ததுங்கிறதுக்கும் பழசுங்கிறதுக்கும் சம்பந்தமில்ல, போன வருஷம் செஞ்ச மோதிரமும் அடகுல மூழ்கும். மஞ்சளாப் போன அடகுச் சீட்டு தொங்குதுன்னு 300 டாலர் கூடக் கொடுக்காதீங்க, சீட்டு அச்சடிக்க எவ்வளவு ஆகும்? பழசுங்கிறதை உள்பக்கத் தேய்மானம், ஓரத்தோட மழமழப்பு, பொடி வேலை, கல்லை மாத்தியிருக்காங்களான்னு எல்லாம் சேர்த்துத்தான் பார்க்கணும்.

முத்திரை விஷயமும் அதே மாதிரிதான். பட்டறைக்காரர் தன் பேரையோ குறியையோ பின்னாடி அடிக்கிறது பரவலானது 1970கள்ல சந்தை சூடுபிடிச்சப்பத்தான். அதுக்கு முன்னாடி செஞ்சதுல மிக அருமையானதெல்லாம் பேரே இல்லாம இருக்கும். விதிவிலக்கு உண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒல்வேரா தெருவுல கடை போட்ட ஃப்ரெட் பெஷ்லகாய், அவர்கிட்ட படிச்ச கென்னத் பிகே மாதிரி ஆளுங்க முன்னாடியே குறி போட்டாங்க. கென்னத் பிகே 1913ல பிறந்து 1977ல இறந்தவர், ஸ்காட்ஸ்டேல்ல ஒயிட் ஹோகன் கடையில வேலை செஞ்சு, நவாஹோ வெள்ளியை அலங்காரமெல்லாம் குறைச்சு நவீனமாக்கினவர். வெள்ளித் தகட்டை எவ்வளவு இடம் காலியா விடலாம்னு தெரிஞ்ச மனுஷன். அவர் வேலையை ஏதாவது மியூசியத்துல ஒரு தடவை பார்த்துட்டு வந்தா கடையில இருக்கிற முக்கால்வாசிச் சரக்கு உங்களுக்கு இரைச்சலாத் தெரியும். இவ்வளவு பெரிய பேர்களோட குறியையே போலியா அடிக்கிறாங்க, அதனால வேலையும் குறியும் ஒத்துப் போகுதான்னு பாருங்க.

எங்க வாங்குறது? என் வரிசை இது. முடிஞ்சா செஞ்சவர்கிட்டயே. சாண்டா ஃபேல பேலஸ் ஆஃப் தி கவர்னர்ஸ் தாழ்வாரத்துல தினமும் பழங்குடி வியாபாரிகள் தரையில துணி விரிச்சு உட்காருவாங்க, தானோ தன் குடும்பமோ செஞ்சதைத்தான் விக்கணும், குறி இருக்கணும்னு விதி, காலையில சீட்டு எடுத்துத்தான் இடம் பிடிக்கிறாங்க. ஆகஸ்ட்ல சாண்டா ஃபே இந்தியன் மார்க்கெட், 1922ல ஆரம்பிச்சது, உச்சகட்ட வேலை அங்க வரும், விலையும் உச்சம். ஃபீனிக்ஸ்ல ஹெர்டு மியூசியம் சந்தை மார்ச்ல. அரிசோனாவுல விண்டோ ராக்ல நவாஹோக்களோட சொந்த அரசான நவாஹோ நேஷனே நடத்துற நவாஹோ ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் எண்டர்பிரைஸ் இருக்கு, 1941ல கைவினைஞர் சங்கமா ஆரம்பிச்சது, கண்ணை மூடிட்டு நம்பலாம். கனாடோல ஹப்பெல் ட்ரேடிங் போஸ்ட் இப்ப தேசிய வரலாற்றுத் தலம், ஆனா கடை இன்னமும் நடக்குது, போற வழியில நிறுத்திப் பாருங்க. காசு போடுறதுக்கு முன்னாடி சாண்டா ஃபே வீல்ரைட் மியூசியத்துல நகைக்குன்னே ஒரு பகுதி இருக்கு, அரை நாள் அங்க கொடுங்க. ஆன்லைன்ல பின்பக்க போட்டோ போடாதவங்ககிட்ட வாங்கவே வாங்காதீங்க. "50 சதம் தள்ளுபடி"ன்னு வருஷம் முழுக்க போர்டு தொங்குற கடைக்குள்ள நான் நுழையறதே இல்ல.

செஞ்சவர்கிட்ட வாங்கும்போது கொஞ்சம் மரியாதை. யார் செஞ்சது, எப்படி செஞ்சீங்க, இந்த அச்சு யாரோடதுன்னு கேளுங்க, சந்தோஷமா சொல்வாங்க, சொல்ல இஷ்டமில்லைன்னா சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. சின்னத்தைக் காட்டி இதுக்கு என்ன அர்த்தம்னு துருவாதீங்க, பாதி டிசைனுக்கு அர்த்தம்னு ஒண்ணுமில்ல, அழகா இருக்குன்னு அடிச்சதுதான், அர்த்தப் பட்டியல் அடிச்சு விநியோகிச்சது டூரிஸ்ட் வியாபாரிங்க. பேரம் பேசலாமான்னா, ரெண்டு மூணு பீஸ் சேர்த்து வாங்குறப்ப "ஏதாவது பார்த்துச் சொல்லுங்க"ன்னு ஒரு தடவை கேட்கலாம், அதோட நிறுத்திக்கோங்க.

சேர்க்க ஆரம்பிக்கிறதுக்கு என் யோசனை, முதல் வாங்கலுக்கு கல்லே இல்லாத அச்சு வேலைக் காப்பு ஒண்ணு. கல்லு இல்லன்னா ஏமாத்துறதுக்கான பாதி வழி அடைஞ்சுடும், முழுக் கவனமும் வெள்ளி மேல போகும். அதைப் போட்டுக்கிட்டே ஒரு வருஷம் சுத்துங்க, மத்ததைப் பார்க்கிற கண்ணு தானா வரும். அப்புறம் ஒரே வகையில ஆழமாப் போறதா, ஒரே ஆளோட வேலையைச் சேர்க்கிறதான்னு உங்க இஷ்டம். பத்து சுமாரான மோதிரத்துக்கு பதிலா ஒரு நல்ல காப்பு. முதலீடுன்னு நினைச்சு இறங்காதீங்க, 1970கள்ல அப்படி இறங்கினவங்க பலர் அந்த மோகம் வடிஞ்சப்ப கையைச் சுட்டுக்கிட்டாங்க.

பராமரிப்பு பெரிசா ஒண்ணுமில்ல. கல்லு இருந்தா வெள்ளி கழுவுற திரவத்துல முக்கவே கூடாது, கல்லு கெட்டுடும், சென்ட், எண்ணெய், சோப்பு எல்லாம் துளை வழியா இறங்கி பச்சையாக்கும். அச்சுப் பள்ளத்துல இருக்கிற கறுப்பை அழுக்குன்னு நினைச்சு தேய்ச்சு எடுத்துடாதீங்க, அது வேணும்னே விட்டது, டிசைன் தெரியுறதே அதனாலதான்.

காப்பு அளவு எடுக்கிறப்ப கடைக்காரர் சொல்ற நம்பர் உள்சுற்றளவு மட்டுமா, வாய் இடைவெளியும் (காப்பு திறந்திருக்கிற பக்கம்) சேர்த்தான்னு கேட்டுக்கோங்க, இதுலதான் ஆன்லைன்ல பாதிப் பேருக்குக் குழப்பம். போடும்போது மணிக்கட்டோட பக்கவாட்டுல, எலும்புக்கு மேல மெல்லிசா இருக்கிற இடத்துல நுழைச்சு திருப்பணும். வாயை விரிச்சுப் போட்டு அமுக்கி மூடுற பழக்கம் வேண்டாம், தினமும் விரிச்சு மூடினா வெள்ளி இறுகி ஒரு நாள் நடுவுல விரிசல் விடும், கல்லும் பதிச்ச இடத்துல இருந்து தெறிக்கும். அளவு சரியில்லைன்னா வாங்குற இடத்துலயே செஞ்சவரை வளைச்சுத் தரச் சொல்லுங்க. கிளம்புறப்ப பில்லுல செஞ்சவர் பேர், எந்தப் பழங்குடி, வெள்ளி என்ன தரம், கல்லு நேச்சுரலா ஸ்டெபிலைஸ்டா, இவ்வளவும் எழுதி வாங்கிக்கோங்க. எழுதித் தரமாட்டேன்னு சொன்னா காப்பைத் திருப்பிக் கொடுத்துட்டு அடுத்த கடைக்குப் போங்க.